கிடாரத்துக்குள் ஆட்டுக்குட்டி

எங்கள் வீட்டில் சுவாமிக்கு அடுத்தபடி மரியாதை அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குத்தான். சுவாமிக்காவது வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூ வைத்தோம். புயலை அப்பா வாரத்தில் நாலு தரமாவது வெளியே எடுத்து வைப்பார். வந்தவர் பால்காரரா, மின்சார மீற்றர் பார்க்க வந்தவரா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. வானம் கொஞ்சம் இருண்டிருக்க வேண்டும், கேட்பவருக்கு எழுந்து போகக் கூச்சம் இருக்க வேண்டும். அவ்வளவு போதும்.

கதை இதுதான். அப்பா அப்போது தலைமன்னார் துறையில் சுங்க எழுதுவினைஞர். கப்பலில் இருந்து இறங்குகிறவர்களின் பெட்டிகளைத் திறந்து, எத்தனை சேலை என்று எண்ணி எழுதுவது அவர் வேலை. அவருக்கு லீவு கிடைக்காததால் அக்கா மன்னாரிலேயே பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளை பிறந்த துடக்குக் கழித்து, அயலில் நாலு பேருக்குச் சோறு போட்டார்கள். அதற்காகப் பக்கத்து வீட்டில் ஒரு பெரிய கிடாரத்தை இரவல் வாங்கினார்கள். அடுத்தநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அப்பா எதையும் நாளைக்குச் செய்கிற மனிதர் என்பதால் கொடுக்கவில்லை. அந்தச் சோம்பல் இல்லாவிட்டால் எனக்கு ஒரு அக்கா இருந்திருக்க மாட்டாள்.

அடுத்தநாள் மத்தியானத்தில் காற்றுத் தொடங்கியது. பொழுதுபடும்போது ஓடுகள் பறந்தன. இருட்டிய பிறகு கடல் பின்கதவால் வீட்டுக்குள் வந்தது. அப்பாவும் அம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுங்கக் கொட்டகைக்கு ஓடி, பெட்டிகளைச் சோதிக்கிற சீமெந்து மேடையில் ஏறினார்கள். கையில் அகப்பட்ட கிடாரத்துக்குள் சேலையை விரித்து, பிள்ளையைக் கிடத்தி, அப்பா அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். விடியும்வரை இறக்கவில்லை. அக்கரையில் ஒரு ரயிலையே விழுங்கிய கடல், இக்கரையில் ஒரு சுங்க எழுதுவினைஞரிடம் தோற்றுப் போனது என்பது அப்பாவின் முடிபு.

அம்மாவுக்குக் கதையில் ஒரே ஒரு வேலை. அப்பாவின் இரண்டு கைகளும் மேலே இருந்தபடியால் அவருடைய சாரம் இடுப்பை விட்டு நழுவத் தொடங்கியது. அம்மா ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் மறு கையால் அந்தச் சாரத்தையும் விடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தை அப்பா வேகமாகக் கடந்துவிடுவார். அப்போதெல்லாம் குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வரும், அதையும் சொல்லச் சொல்லி.

நான் அக்காவுக்கு ஆறு வருடம் இளையவள். எனக்குப் புத்தி தெரிந்து முதல்முதல் இந்தக் கதையைக் கேட்டபோது தண்ணீர் அப்பாவின் முழங்காலுக்கு நின்றது. நான் பெரியபிள்ளையான காலத்தில் இடுப்புக்கு வந்தது. யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் கிடந்து, கொழும்பு வந்து சேர்ந்தபோது கழுத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு இடப்பெயர்வு வந்திருந்தால் அப்பா மூழ்கியே போயிருப்பார்.

கொழும்பில் எங்களுக்குக் கிடைத்தது வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் கருங்கல், அதற்கு அப்பால் கடல். மேல்தளத்தில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல் இருந்தது.

பின்னேரங்களில் இருவரும் ரயில் பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்து ஆளுக்கொரு புயலை மற்றவர் மேல் ஏவிவிடுவார்கள். மாஸ்டரின் புயலில் தென்னைகள் எல்லாம் தலை வாரியதுபோல ஒரே பக்கம் படுத்தன. அப்பாவின் புயலில் மீன்பிடி வள்ளங்கள் தெருவில் ஏறி நின்றன. மாஸ்டர் தன் பள்ளிக்கூடத்தின் கூரை மூன்று ஊர் தள்ளிப் போய் விழுந்தது என்பார். அப்பா தன் கூரை இன்றுவரை கிடைக்கவில்லை என்பார். தெற்கே இரத்மலானைப் பக்கம் விமானம் ஏறுகிற சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். எங்கே போகிறது, வடக்கே யார் தலையில் குண்டு கொட்டப் போகிறது என்று இருவருக்கும் தெரியும். சத்தம் தேய்ந்ததும் மறுபடி புயலுக்குத் திரும்புவார்கள். எனக்கு அப்போது அது கிழட்டு வீம்பாகத் தெரிந்தது. இப்போது அவர்களுடைய வயதுக்குக் கிட்ட வந்த பிறகு விளங்குகிறது. இருவரும் பட்ட அழிவுகளில் ஆளைப் பார்க்காமல், அடையாள அட்டை கேட்காமல் அடித்தது புயல் ஒன்றுதான். அதைப் பற்றி வெளியில் உரத்துப் பேசலாம்.

உரத்துப் பேச முடியாத விடயம் ஒன்று எங்கள் முன்கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது. பொலிஸ் பதிவுத் தாள். வடக்கில் இருந்து வந்தவர்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கொழும்பில் தங்கும் காரணம் எல்லாம் எழுதி, பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். காரணம் என்ற பகுதியில் அப்பா 'மகளின் திருமணம்' என்று எழுதியிருந்தார். பொய்யில்லை. அக்காவைக் கரைசேர்க்கத்தான் கொழும்புக்கே வந்தோம். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை தாளைப் புதுப்பிக்கப் போகும்போது, மேசையில் இருந்த பெரிய மீசைக்காரச் சார்ஜன் அதை வாசித்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்ப்பார். 'கசாதய தாம நெத்த?' என்பார். கலியாணம் இன்னும் ஆகவில்லையா என்று. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஆனால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பையே கண்ணால் அடக்கி வைத்திருந்த கணக்கு ரீச்சரான அக்கா, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குக் கலியாணம் சரிவராவிட்டால் எங்களுக்குக் கொழும்பில் இருக்கக் காரணமே இல்லை என்பது அந்தத் தாளில் எழுத்திலேயே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சுவிஸ் சம்பந்தம் வந்தது. பையன் அங்கே ஒரு உணவகத்தில் வேலை. அவன் சார்பில் பேசுவதற்குப் பம்பலப்பிட்டியில் அவனுடைய பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். குணமான குடும்பம், கேள்வி அதிகமில்லை, ஒரே ஒரு நிபந்தனைதான் என்றார் தரகர். பெண்ணுக்கு இருபத்தெட்டுக்கு மேல் போகக் கூடாது. அக்காவுக்கு அந்தக் கார்த்திகையோடு முப்பது.

அம்மா அசரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினார். அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சாத்திரியார் இருந்தார். வேலை தெரிந்த மனிதர். சட்டையை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று தையற்காரர் கேட்கிறமாதிரி, எத்தனை வருடம் என்று கேட்டாராம். இரண்டு என்றார் அம்மா. அறுபத்தாறில் ஒரு நல்ல நாளாகப் பார்த்து, கிரகங்களை எல்லாம் தள்ளி உட்கார வைத்து, மஞ்சள் பூசிய தாளில் புதுச் சாதகம் எழுதித் தந்தார். பழைய கொப்பி மாதிரித் தெரிய வேண்டும் என்று ஓரத்தைக் கொஞ்சம் கசக்கியும் விட்டார்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த விடயம் ஒன்று உண்டு. எங்கள் அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த வருடம். வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டைக்குப் போய் வருவதற்குள் அக்கா அந்த அட்டையை மூன்று இடத்தில் காட்டுவாள். மண்மூட்டைக்குப் பின்னால் நிற்கிற ஆமிக்காரருக்குத் தெரியும், பஸ்ஸை மறிக்கிற பொலிசுக்குத் தெரியும், அரசாங்கத்துக்கே தெரியும். இந்த நகரத்தில் அக்காவின் வயது தெரியாமல் இருக்க வேண்டியவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான். பிறகு ஸ்பொன்சர் அலுவலுக்குப் பாஸ்போட் குடுக்கேக்க என்ன செய்வீங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். தாலி ஏறின கழுத்தில் ஆரும் வருசம் பாக்கிறேல்ல என்றார்.

அக்கா எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பென்சிலை எடுத்து, அறுபத்தாறில் பிறந்திருந்தால் தான் சாதாரணதரப் பரீட்சையை எத்தனை வயதில் எழுதியிருக்க வேண்டும் என்று பேப்பர் ஓரத்தில் கணக்குப் பார்த்தாள். பதினாறில் எழுதுகிற பரீட்சைக்குப் பதினாலு வந்தது. கெட்டிக்காரிதான் என்று சொல்லிப் பென்சிலை வைத்துவிட்டாள். என் வயதை யாரும் குறைக்கவில்லை. ஒரே நாளில் நான் அவளுக்கு நாலு வருடம்தான் இளையவள் என்று ஆகிவிட்டது.

மிச்சம் இருந்த ஒரே ஆபத்து அப்பா. அவருடைய புயலுக்குள் அக்கா கிடாரத்தில் கிடந்தாள். புயல் வந்தது எந்த வருடம் என்று இலங்கையில் தெரியாத ஆள் இல்லை. ஆகவே அம்மா கட்டளை போட்டார். பொம்பிளை பார்க்க வருகிற நாளில் காற்று, கடல், மழை, தலைமன்னார், கிடாரம், ஒன்றும் அப்பாவின் வாயில் வரக் கூடாது. விலைவாசி கதைக்கலாம். கோயில் கதைக்கலாம். மேலே இருந்த மாஸ்டருக்கும் கதை தெரியும் என்பதால், அவரைப் பாமன்கடையில் இருந்த மகள் வீட்டுக்குப் போய் அன்றைக்கு முழுக்க இருந்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டார். பொலிஸ் பதிவுத் தாளுக்கு மேல் ஒரு முருகன் கலண்டரைத் தொங்கவிட்டார்.

வானத்துக்கு மட்டும் கட்டளை போட அம்மாவால் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே கடல் பக்கம் கறுத்துவிட்டது. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஓட்டோவில் வந்து இறங்கும்போது இடி தொடங்கியது. உட்கார்ந்து, கேசரி தின்று, பையனின் சம்பளத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஒழுங்கை முடிவில் அலை கல்லில் அடிக்கிற சத்தம் முன்னறைக்குள் கேட்டது. அம்மா மெழுகுதிரி ஏற்றினார். அக்காவும் நானும் குசினித் திரைக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றோம். நான் அப்பாவைத்தான் பார்த்தேன். பல் நோவுக்காரன்போலத் தாடையை இறுக்கிக்கொண்டு இருந்தார். அரிசி விலையைப் பற்றி ஒரு வசனம் சொன்னார், பாவம். அதற்குமேல் வரவில்லை.

வினை பெரியப்பாவின் வாயால் வந்தது. அவர் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு மழையோ, அறுபத்துநாலில் தான் வவுனியாவில் பார்த்தது அல்லவா மழை என்று தொடங்கினார். குளக்கட்டு உடைந்தது, தான் மரத்தில் ஏறியது, பாம்பு ஒன்றும் அதே கிளையில் இருந்தது என்று நல்ல விரிவாகவே சொன்னார். அப்பா பொறுத்துக்கொண்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் எரிந்து போயிருப்பார்கள்.

பிறகு பெரியப்பா சொன்னார். "உண்மையில அழிவு எங்கட பக்கம்தான். தலைமன்னார்ப் பக்கம் பெரிசா ஒண்டும் இல்லை. வெறும் காத்து. பேப்பர்காரர்தான் பெருப்பிச்சுப் போட்டவங்கள்."

அப்பா தேத்தண்ணிக்கு வைத்த முக்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் நகர்ந்தார். அம்மா இருமினார். அப்பா காதில் விழாத ஆளாகத் தொடங்கிவிட்டார். தலைமன்னார், கொட்டகை, சீமெந்து மேடை, கடல் எல்லாம் வந்தன. தண்ணீர் அன்றைக்கு மூக்குக்கு வந்தது. அம்மா இருமி இருமிக் களைத்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, "கிடாரத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று கண்டார்.

தூக்கிய கைகள் மேலேயே நின்றன. வாய் திறந்தபடி இருந்தது. மழை பெய்தது.

"ஆட்டுக்குட்டி" என்றார் அப்பா.

பெரியம்மா ஒரு ஆட்டுக்குட்டிக்காகவா விடிய விடிய நின்றீர்கள் என்று கேட்டார். நல்ல இனம் என்றார் அப்பா. கிடாயா மறியா என்று பெரியப்பா கேட்டார். ஓவசியர்களுக்கு எல்லாவற்றிலும் விவரம் வேண்டும். மறி என்றார் அப்பா. கதை ஒருமுறை புறப்பட்டுவிட்டால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. தன் வழக்கமான கதையை வழக்கமான இடங்களில் வழக்கமான குரலில் சொன்னார், பிள்ளை வருகிற இடத்தில் மட்டும் ஆட்டுக்குட்டியைப் போட்டார். ஆட்டுக்குட்டி வீரிட்டு அழுதது. அவர் அதற்குத் தாலாட்டுப் பாடினார். அதன் நெற்றியில் வைத்திருந்த கறுத்தப் பொட்டு மழையில் கரைந்தது. அம்மாவின் சேலை அதற்குக் கதகதப்பாக இருந்தது. விடிந்து தண்ணீர் வற்றியதும் கீழே இறக்கினார்கள், உடனே வாயைத் திறந்து பால் குடித்தது.

"ஆரிட்ட?" என்றார் பெரியம்மா.

முன்னறையில் இருந்த எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

தாயாட்டிடம் என்றார் அப்பா. தாயாடும் அங்கேயா நின்றது என்று பெரியப்பா கேட்டார். மேடையில்தான் நின்றது என்றார். அதை யார் தூக்கி ஏற்றியது என்று கேட்டார். அது தானாக ஏறியது என்றார் அப்பா. திரைக்குப் பின்னால் நான் தாவணித் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவும் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அப்பா அப்போது நடுச்சாமத்துக்கு வந்திருந்தார். இந்தப் பகுதியை அவர் எல்லோருக்கும் சொல்வதில்லை. வீட்டுக்குள்ளும் அபூர்வமாகத்தான் சொல்வார். நடுச்சாமம் அளவில் கிடாரத்துக்குள் அழுகை நின்றுவிட்டது. கையை இறக்கினால் கடல் எடுத்துவிடும், இறக்காவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. அம்மாவிடம் எட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார். அம்மா சாரத்தை விட்டார், எக்கினார், எட்டவில்லை. ஆகவே அன்றிரவின் மிச்சம் முழுக்க, தூக்கி வைத்திருப்பது உயிரா பிணமா என்று தெரியாமலே அப்பா தூக்கிக்கொண்டு நின்றார். இதைச் சொல்லும்போது அவருக்கு எப்போதும் அழுகை வரும். அன்றைக்கும் கண்ணால் தண்ணீர் வடிந்தது. ஒரு ஆட்டுக்குட்டிக்காக முப்பது வருடம் கழித்து அழுகிற மனிதரை, பெரியப்பாவும் பெரியம்மாவும் மெழுகுதிரி வெளிச்சத்தில் பயத்தோடு பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அக்கா திரையை விலக்கிக்கொண்டு போனாள். தட்டை முக்காலியில் வைத்தாள். முதல் கோப்பையை முறைப்படி பெரியப்பாவிடம் கொடுத்தாள்.

"அந்த ஆட்டுக்குட்டி நான்தான் பெரியப்பா" என்றாள். "எனக்கு வாற கிழமை முப்பது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா கோப்பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மரியாதையான மனிதர் என்பதால் குடித்து முடித்தார். பெரியம்மா ஒரு முறுக்கை எடுத்துச் சத்தம் வராமல் கடிக்கப் பார்த்தார். முறுக்கு அதற்கு ஒத்துழைக்கவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் எழுந்தார்கள். பிறகு அறிவிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

கதவைச் சாத்தியதும் அம்மா வெடித்தார். முதலில் அப்பாவுக்கு, பிறகு அக்காவுக்கு, இடையில் ஒன்றும் செய்யாத எனக்கும் கிடைத்தது. கொட்டாஞ்சேனைக்கு அலைந்தது, சாத்திரியாரைக் கெஞ்சியது, இனி யார் வருவான், பொலிசுக்கு என்ன சொல்வது என்று எல்லாம் வந்தது. அப்பா ஆட்டுக்குட்டி என்று சமாளித்த தன் கெட்டித்தனத்தை அக்கா கெடுத்துவிட்டாள் என்று முணுமுணுத்தார். சும்மா இருந்திருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள் என்றார்.

அக்கா கோப்பைகளை அடுக்கிக்கொண்டு இருந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ரெண்டு வயசு குறைஞ்சால் எனக்கென்ன அப்பா, சந்தோசம்தான். ஆனா அப்ப அந்த ராத்திரி நீங்கள் ஆரைத் தூக்கி வைச்சிருந்தனீங்கள்?"

அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். அம்மா எழுந்து போய், பதிவுத் தாளுக்கு மேல் இருந்த முருகனைக் கழற்றி, அவருடைய பழைய இடத்தில் கொழுவினார்.

பத்து நாளில் தரகர் வந்து சொன்னார். சாதகம் பொருந்தவில்லையாம். பிறக்காத ஒருத்திக்கு வந்த சம்பந்தம் பிறக்காத ஒருத்திக்கே பொருந்தாமல் போனது, இதில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நட்டமும் இல்லை என்று நான் சொன்னேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார், ஆனால் பலமாக இல்லை. அக்கா அதற்கு இரண்டு வருடம் கழித்து, முழு வயதோடு, கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகக்காரரைக் கலியாணம் கட்டினாள். அது வேறு கதை, அதில் புயல் இல்லை.

இதில் சொல்ல வேண்டியது பதிவு புதுப்பிக்கப் போன நாள். தரகர் வந்து போன அடுத்த வாரம் அது. அப்பாவும் அக்காவும் காலை ஒன்பது மணிக்கு நிலையத்துக்குப் போனார்கள். பதினொன்றுக்குள் வந்துவிட வேண்டும். பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை. அந்தக் காலத்தில் ஒன்றரை மணித்தியாலம் பிந்தினால் அது சின்ன விடயம் இல்லை. போனவர்கள் திரும்பி வராத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. அம்மா அடுப்பை அணைத்தார். பொட்டைத் துடைத்தார். வெளியே போகும்போது பொட்டு வைத்துக்கொண்டு போனால் கேள்வி கூடும் என்பதால் எல்லோரும் செய்வது அது. இரண்டு பேரும் காலி வீதியால் ஓடாத குறையாக நடந்தோம். 

உள்ளே என்ன நடந்தது என்று அக்கா பிறகு சொன்னாள். சார்ஜன் வழக்கம்போலத் தாளைப் பார்த்துவிட்டு, கலியாணம் இன்னும் இல்லையா என்று கேட்டாராம். வழக்கமாக அப்பாதான் ஏதாவது சொல்லி மழுப்புவார். அன்றைக்கு அக்கா செருப்பைப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இன்னும் இல்லை மாத்தயா, எனக்கு முப்பது வயது, ஆட்கள் அவ்வளவு வயது வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. அடையாள அட்டையின் முதல் இரண்டு எண்களைப் பார்த்தார். அறுபத்துநாலு, புயல் அடித்த வருடம் அல்லவா என்றார்.

அப்பாவிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்ற பொலிஸ்காரர் எங்கள் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் என் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தார். நானும் பார்த்தேன். சார்ஜனின் மேசைக்கு முன்னால், இத்தனை பேர் நடுவில், அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றார்.

அந்த நாட்களில் ஒரு தமிழ் ஆள் பொலிசுக்கு முன்னால் அப்படி நின்றால் அதற்கு ஒரே கருத்துத்தான்.  சத்தியமாக, என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகுதான் அவருடைய குரல் கேட்டது. "மெஹெம மாத்தயா, மெஹெம. எளிவெனகம்." இப்படித்தான் ஐயா, விடியும்வரை. அப்பாவின் சிங்களத்தில் கிடாரத்துக்குச் சொல் இல்லை. ஆகவே கையால் காட்டிக்கொண்டிருந்தார். சார்ஜன் பேனையை மூடி வைத்துவிட்டு, நாடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற சனமும் கேட்டது. தண்ணீர் எவ்வளவு என்று சார்ஜன் கேட்டார். அப்பா சற்று யோசித்தார். முழங்கால் அளவு என்றார்.

அதற்குள்ளே என்ன இருந்தது என்று சார்ஜன் கேட்டார். அப்பாவின் கைகள் இரண்டும் மேலே இருந்தன. அவற்றை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. நாடியை நீட்டிப் பக்கத்தில் நின்ற அக்காவைக் காட்டினார்.

சார்ஜன் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரை நேரே பார்த்தாள்.

அப்பா கொழும்புக்கு வந்து நன்றாக மெலிந்திருந்தார். சுங்கத்தில் வேலை செய்த காலத்துக் காற்சட்டை, இடுப்புப் பட்டி கடைசித் துளையில் இருந்தும் நிற்காது. கைகள் நெடுநேரம் மேலே இருந்ததில் அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா என் கையை விட்டார். சோதித்துக்கொண்டிருந்த பொலிஸ்காரர் நில் என்று சொன்னதைக் காதில் வாங்காமல், வரிசையைத் தாண்டி நேரே உள்ளே போய், அப்பாவின் பின்னால் நின்று காற்சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அதையும் சொல்லுங்கோ" என்றார்.